என் கணக்கு வழியாகப் போனவர்கள்

பத்து வீதம் வேணும் என்று நான் கேட்கவில்லை.
தயாநிதி அக்காதான் தொடக்கி வைத்தா,
கட்டுநாயக்கா போகிற வானுக்குள் இருந்துகொண்டு:
"மெஷினை வித்து பத்து வீதம் நீ எடு,
மிச்சத்தை பாங்கில போட்டு விடு."
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
துணி துவைக்கிற மெஷின், வலது மூலையில் துரு.
துருவையும் படம் எடுத்துப் போட்டேன்.
அன்றைக்கே போய்விட்டது.

பிறகு ஆட்கள் சாவியோடு வரத் தொடங்கினார்கள்.
டொக்டர் மினோலியின் பியானோ.
ஃபர்ஹான் வீட்டு இரண்டு ஏசி, ஒரு மீன்தொட்டி.
ஒரு குடும்பம் அரிசி வாளியை விட்டுப் போயிருந்தது,
உள்ளே சுண்டு அப்படியே, பாதி அளந்தபடி.

கிழமை நாட்களில் புறக்கோட்டை இரும்புக் கடையில்
மற்றவர்களின் பேரேடு எழுதுகிறேன்.
ஞாயிறு நாலு மணிக்கு வெயில் சரிந்து
யன்னலால் உள்ளே வரும்.
அப்போது எடுத்தால் எந்தச் சோபாவுக்கும் ஐந்து வயது குறையும்.
நடுச்சாமத்தில் கேட்பார்கள்: "கடைசி விலை?"
சொன்ன பிறகும் கேட்பார்கள்: "கடைசி கடைசி?"

நவம்பரில் கடிதம் வந்தது, மூன்று மொழியில்.
சம்பளத்துக்கு மேலே என் கணக்கில் விழுந்த
பதினான்கு லட்சத்து அறுபதாயிரம்
எங்கிருந்து?

இறைவரித் திணைக்களம், நாலாம் மாடி.
திருமதி ஹேமமாலி பதுளையில் பழகிய தமிழில் கேட்டா:
"இதெல்லாம் ஒங்க வருமானமா, மிஸ்?"
இல்லை.
பிரிட்ஜ் வேறு ஆட்களின். காசும் அவர்களின்.
என் கணக்கில் ஓரிரவு தங்கிவிட்டுப் போனது.
"எழுத்துல இருக்கா?"
குரற்பதிவு இருக்கு.
போட்டுக் காட்டினேன். தயாநிதி அக்கா பேச,
பின்னால் பிள்ளை அழ, யாரோ பாஸ்போட்டைத் தேட,
கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னா:
"கொரல் பில் ஆகாது."

பொருளுக்குச் சொந்தக்காரர் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால்
அது அவருடையது.
என் பத்து வீதம் மட்டும் என் வருமானம்.
போக்குவரத்துச் செலவு கழிக்கலாம், பில் இருந்தால்.
ஆட்டோக்காரன் எனக்கு எப்போது பில் தந்தான்?
எழும்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டா:
"தேக்கு அலுமாரி ஒன்னு, கண்ணாடி வச்சது,
என்ன வெலைக்குப் போகும்?"

இருபத்துமூன்று பேருக்கு எழுதினேன்.
மினோலி ஆஸ்பத்திரித் தலைப்புத் தாளில் அனுப்பினா,
பியானோவுக்கு மருந்துச் சீட்டு மாதிரி.
தோகாவிலிருந்து ஃபர்ஹான்:
"மீன்தொட்டி என்னுடையது. மீன்கள் என்ன ஆச்சு?"
தயாநிதி அக்கா கையெழுத்துக்குக் கீழே
பனியில் நிற்கிற புது மெஷின் ஒன்றின் படத்தையும் ஒட்டியிருந்தா.

நிரூபன் எழுதவில்லை.
கட்டில், ஐந்தடி அகலம், முப்பத்தெட்டாயிரம்.
கடவத்தையில் புதுசாகக் கலியாணம் கட்டிய இரண்டு பேர்
லொறி பிடித்து வந்து ஏற்றிப் போனார்கள்.
பத்து வீதமும் எடுக்காமல் முழுக்காசும் அனுப்பினேன்.
கேட்டதற்கு இரண்டு நீலக் குறி.
பிறகு கேட்டதற்கும் இரண்டு நீலக் குறி.

"அப்போ அது ஒங்களோடதுன்னுதான் எடுக்கணும்" என்றா ஹேமமாலி.

படிவத்தில் எழுதினேன்:
தரகு, ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து இருநூறு.
அதற்குக் கீழே, வேறு வருமானம்,
முப்பத்தெட்டாயிரம்.
அந்தக் கட்டிலில் எனக்கும் ஏதோ இருந்தது என்று
எழுத்தில் இருக்கிற ஒரே தாள் இதுதான்.
நிரூபன் எழுதியிருந்தால் இதுவும் இராது.

வரியைக் கட்டினேன். பெரிய தொகை இல்லை.
பற்றுச்சீட்டை ஐந்து வருடம் வைத்திருக்க வேணுமாம்,
யாராவது வந்து கேட்கக்கூடுமாம்.

வைத்திருக்கிறேன்.