கால் பக்கம்

பெரிய விளக்கு நெஞ்சுக்கு.
எனக்குக் கிடைத்தது
ஒரு ஸ்டூலும் வலது காலும்.

மர்சூக், கிண்ணியா, ஐம்பத்தெட்டு.
பாலம் வருவதற்கு முந்தி
துறையில் பாதை ஓடிய காலத்தில்
நாள் முழுக்க நின்று டிக்கெட் கிழித்தவர்.
நின்ற நிற்பில் இடது காலின் நாளம்
புழுவாய்ச் சுருண்டு போயிருந்தது.
வலதுதான் மிச்சம்.
நேற்றுப் பின்னேரம் ஸ்கான் பிடித்து
அதன்மேல் பேனையால் கோடு போட்டேன்.
கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றியிருக்கும் கொழுப்போடு எடுத்தேன்.
அது அதன் போர்வை.
கிடுக்கி கவ்வக் கூடாது.
இழுவை கூடாது.
உள்ளே ஒரேயொரு அடுக்குச் செல்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு.
அது உரிந்த இடத்தில்
பத்து வருஷத்துக்குப் போட்ட வழி
பத்து மாதத்தில் தூர்ந்துவிடும்.
கிளைகள் பதினொன்று. கட்டினேன்.
ஒன்றில் நூல் நழுவி
மறுபடியும் கட்டினேன்.

"ஒழுகுதா எண்டு நல்லா ஊதிப் பாரும்."
டொக்டர் கஜரூபன் தலை நிமிரவில்லை.
சிரிஞ்சில் என் பெருவிரல்.
சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவதுபோல்
ஊதியும் பார்க்கலாம்.
ஒழுகாது. செத்துப்போகும்.
"இவ்வளவு காணும், டொக்டர்."
பம்ப் மட்டும் சுழன்றது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அது சம்மதமா என்று
நானும் கேட்கவில்லை.

பிறகு கிண்ணம்.
மூன்று பக்கம் உப்புத் தண்ணீர் சூழ்ந்த ஊரில்
உப்புத் தண்ணீர் மட்டும் போதாத ஒரு பொருள்!
புளிப்பேறாமல் சமன் செய்த கரைசல்,
அதில் கொஞ்சம் ஹெப்பரின்.
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு,
வாளியை மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்ளலாம்.
இதற்கு ஒரு சூடுதான்.
சுவர்க் கடிகாரத்தை
முப்பத்தாறு நிமிடம் பார்த்தேன்.

நாளத்துக்குள் இருக்கும் கதவுகள்
ஒரு பக்கம்தான் திறக்கும்.
தலைகீழாய்த் திருப்பித்தான் கொடுக்க வேண்டும்.
கணுக்கால் நுனியில் நீல முடிச்சுப் போட்டேன்.
அந்த நுனி இனி மகாதமனியில்.
மெல்ல ஊர்ந்தேறும் இரத்தத்தை மட்டும்
அறிந்திருந்த ஒன்று,
இனி நிமிடத்துக்கு எழுபது அடி வாங்கும்.
திருப்பிக் கேட்க அதற்கு வாயில்லை.
கொடுத்தேன்.
தைத்தார்கள்.
கிளாம்பை எடுத்ததும் அது நிமிர்ந்தது.
எல்லோரும் இதயத்தைப் பார்த்தார்கள்.
நான் திரும்பவும் காலுக்கு வந்து
தோலைத் தைக்கத் தொடங்கினேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு கிளினிக்கில்,
நெஞ்சைப் பற்றி மூச்சே விடவில்லை மனுஷன்.
"இந்தக் காலுதான் மிஸ்,
கணுக்கால்ல மரத்தாப்போல இரிக்கி.
ஆரு இதத் தைச்சது?"
"நான்தான்."
சாரத்தை ஒரு சாண் உயர்த்தி
தழும்பை மேலிருந்து கீழ் பார்த்தார்,
கிழித்த டிக்கெட்டை எண்ணுகிற மாதிரி.
"கோடு நேராத்தான் இரிக்கி."

கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
வலது காலை ஒரு நொடி பிந்தி வைத்து
வெயிலுக்குள் போனார்.

அடுத்த வருஷம் ஒரு ஸ்கான் இருக்கிறது.
அன்றைக்குத்தான் தெரியும்
அந்தக் காலையில் என் பெருவிரல்
சரியான இடத்தில்தான் நின்றதா என்று.