அரைக்கால் வரைக்கும்

கெடிலம் பாலத்தடியில், இரும்புப் பெட்டிக்குள்
எட்டு மீட்டர் அளக்கத் தெரிந்த சிப்
கேட்கத் தொடங்கியது.

நாலு?
இல்லை, எடு.
ரெண்டு?
இருக்கட்டும்.
அதோடு ஒன்று?
தாண்டுகிறது, எடு.
அரை? இருக்கட்டும். கால்? எடு.
அரைக்கால்?
இருக்கட்டும்.

மாகாணியைக் கேட்க அதற்கு வாயில்லை.
ஆறு கேள்விதான் வாங்கித் தந்திருந்தார்கள்.

கேட்டு முடியும்வரை
நான் பற்றவைத்த கெப்பாசிட்டர்
ஆற்றின் ஒரு கணத்தை
அசையாமல் பிடித்திருந்தது.
ஆறு அசைந்துகொண்டிருந்தது.

கலெக்டர் ஆபீஸில் அமலோற்பவம்
ரெண்டரையே அரைக்கால் என்று
நோட்டில் ஏற்றி, கோடு போட்டாள்.
அபாயம் இல்லை.

புதுப்பாளையத்திலிருந்து போன்.
கணக்கில் சேராத நாலு விரல் தண்ணீர்
வாசற்படி ஏறி
பிரிட்ஜ் காலை நனைக்கிறதாம்.
பிளக்கைப் பிடுங்கு என்றேன்.