ஒன்றுக்கு இருநூறு

வூட்ச் நகரத்தில் ஒரு நதி உண்டு,
நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
ஆலைகள் கழுவிவிட்ட சாயத்தில் அது நாறத் தொடங்கியதும்
குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.

ஆறாம் பருவத்துக்கு எங்களுக்கு வந்த இடம்
அந்தத் தெருவுக்குப் பின்னால்:
பூட்டிய சாயப்பட்டறை ஒன்று,
மூன்று பக்கமும் நான்கு மாடி வீடுகள்,
நடுவில் முற்றம்.
'இறந்த இடத்துக்கு உயிர் கொடுங்கள்' என்றது பணித்தாள்.
முப்பத்தொரு ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டோப்ராவா செங்கல்லை எண்ணினாள்.
இடிக்காமல் விட்டால் மிச்சமாகும் கார்பனை
டன் கணக்கில் போட்டு, வட்டமிட்டு,
இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னாள்:
"நிற்கிற சுவரைவிட மலிவான சுவர்
உலகத்தில் கிடையாது. தூங்கு."

எங்கே தூங்குவது.
நான் கூரைமேல் புல் வளர்த்தேன்
பச்சைப் பஞ்சைக் கத்தரித்து.
மழைநீருக்கு ஒரு குளம் வெட்டினேன்
நீல பிளாஸ்டிக் தாளில்.
ஒன்றுக்கு இருநூறில்
மனிதனின் உயரம் ஒன்பது மில்லிமீட்டர்.
பாக்கெட்டுக்கு ஐம்பது பேர், எல்லோரும் சாம்பல் நிறம்,
ஒருவர் கையிலும் பை இல்லை,
ஒருவருக்கும் மூட்டுவலி இல்லை.

குளம் வந்த இடத்தில் முன்பு
இரும்புக் குழாயில் ஒரு சட்டம் நின்றது,
கம்பளத்தைப் போட்டுத் தூசி தட்டுவதற்கு.
நாங்கள் அளவெடுத்த அன்று யாரும் எதையும் தட்டவில்லை.
புள்ளிக்கோட்டில் வரைந்து
'அகற்றப்படும்' என்று எழுதினேன்.
அதற்கு நான்கு விநாடி ஆகியிருக்கும்.

மார்ச் மாதம், சாயப்பட்டறைக்குள்ளேயே மதிப்பீடு.
பேச்செல்லாம் ஆவியாக வந்தது.
பேராசிரியர் க்ரெலா ஜன்னல் கண்ணாடியைக் கேட்டார்,
வெப்பம் கசிவதைக் கேட்டார்;
எல்லாவற்றுக்கும் டோப்ராவாவிடம் எண் இருந்தது.
அப்புறம் இரண்டாம் மாடி பிஸ்கோர்ஸ்கா
நாயை இடுக்கியபடி மாதிரியின்மேல் குனிந்து,
தன் ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்து,
அதன் வழியாக வெளியே பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சட்டம் எங்கே?"

இப்போது எல்லோரிடமும் தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதே
என்று தொடங்கினேன்.
"கம்பளத்தை யார் கேட்டது?
சாவியைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளைகள்
அதில்தான் ஏறி உட்கார்ந்திருக்கும்.
அது ஒன்றுதான்
எல்லா ஜன்னலுக்கும் தெரிகிற இடம்."
நிமிர்ந்தார். "புல்லுக்கு
மூன்றாம் வருஷம் யார் தண்ணீர் ஊற்றுவது?"

அது பராமரிப்பு, அடுத்த பருவத்துப் பாடம்
என்றார் க்ரெலா.
நாய் மட்டும் ஏதோ சொன்னது.

அன்றிரவு காகித ஊக்கு ஒன்றை நிமிர்த்தி
டோப்ராவா சட்டம் வளைத்தாள்.
கோணல்தான், ஆனாலும் நின்றது.
குளத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினோம்,
அதாவது இரண்டு மீட்டர்;
உடனே தரையின் சரிவு பிசகி
மழையெல்லாம் பட்டறைச் சுவரின் காலுக்கே போயிற்று,
நாங்கள் காப்பாற்றியதாகச் சொன்ன அதே சுவர்.
விடிய விடியத் தண்ணீரோடு பேரம்.
அது படியவில்லை.
குளம் இருந்த இடத்தில் பசைக்கறையோடு ஒப்படைத்தோம்.
மூன்றரை போட்டார்கள், ஐந்துக்கு.

ஏப்ரலில் மறுபடி போனேன்.
மதிப்பெண் வந்த பிறகு யாரும் போவதில்லை.
சட்டத்தில் முழங்காலை மாட்டி
ஒரு பையன் தலைகீழாகத் தொங்கினான்,
இகோர், எட்டு வயது, சாவி இல்லை.
வாசலருகே சாக்கடைக் கம்பி மூடிக்குக் கீழே
என்னவோ ஓடுகிற சத்தம்;
நதியா, யாரோ குளிக்கிறார்களா, தெரியவில்லை.

"உங்கள் பொம்மை ஊரில் நான் எவ்வளவு உயரம்?"

அவனை நாங்கள் வைக்கவே இல்லை.
மனதுக்குள் வகுத்து,
ஆறரை மில்லிமீட்டர் என்றேன்.

முகம் சிவக்க யோசித்துவிட்டுக் கேட்டான்:
"நேராக நின்றாலா,
இப்படித் தொங்கினாலா?"