முந்நூறு, நூற்றைம்பது, ஐம்பது

கடிதத்தில் மூன்று எண்கள்தாம் இருந்தன.
எல்லாம் மில்லிமீட்டர். எல்லாம் உள்ளளவு.
"தோழர் கெலெமென், இந்த அளவில் ஒரு பெட்டி செய்க.
துப்பாக்கி இதற்குள் அடங்க வேண்டும்.
அடங்காதது போட்டிக்கு ஆகாது."
யாருடைய துப்பாக்கி என்று எழுதவில்லை.
எழுத வேண்டியதும் இல்லை.

போன மே மாதம், கொமாரோமில்,
டான்யூப் கரை நெடுக அகேசியா பூத்து
மைதானம் முழுக்கத் தேன் வாடை.
வெண்டெல் சோராதி சுட வந்தான்
தலைகீழான ஒரு துப்பாக்கியோடு.
குழல் கீழே, கை மேலே.
சிரித்தார்கள்.
பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறான் என்றார்
புதாபெஸ்த்திலிருந்து வந்திருந்த ஒருவர்.

நான் சிரிக்கவில்லை.
அந்தப் பிடியைச் செதுக்கியவள் நான்.
அக்ரூட் கட்டை. பதினோரு மாலைகள்.
உள்ளங்கையில் கரி பூசி அழுத்துவான்,
கரி ஒட்டிய மேட்டை நான் சீவுவேன்,
மறுபடி அழுத்துவான்.
கடைசி மாலை, மரம் முழுக்க ஒரே சீரான கருப்பு.
"இனி இதற்கும் எனக்கும் நடுவில் யாருமில்லை" என்றான்.
நான் இருந்தேன்,
உளியைத் துடைத்துக்கொண்டு.

வெடித்ததும் எல்லார் கையும் ஒருமுறை வானத்தைப் பார்க்கும்.
அவன் கை பார்க்கவில்லை.
உதை நேரே தோளுக்குப் போய்
அங்கேயே படுத்துக்கொண்டது.

ஐந்து அட்டை மனிதர்கள்
விளிம்பு மட்டும் காட்டி நிற்பார்கள்,
சட்டென்று திரும்புவார்கள்.
முதலில் எட்டு நொடி, பிறகு ஆறு, பிறகு நான்கு.
நான்கு நொடி என்பது
சூடான சூப்பை ஊதி ஒரு கரண்டி விழுங்கும் நேரம்.
அதற்குள் ஐவருக்கும் ஆளுக்கொன்று, நட்டநடுவே.

அறுபது குண்டு. ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
கணக்கர் பெர்தாலான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு முறை கூட்டினார்.
பழைய சாதனைக்கு மேலே பதின்மூன்று.
யாரும் கைதட்டவில்லை, தேனீக்கள் கேட்டன.
"மிச்ச மூன்று எங்கே போனது?" என்றேன்.
"பயந்துவிட்டேன்" என்றான்,
"எல்லாம் விழுந்துவிடுமோ என்று."

சாதனை என்பது அதற்கு முதல் நாள் பெயர்.
இலையுதிர் காலத்துக்குள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்,
நீள மேசை ஒன்றில், கையெழுத்துகளோடு.

பீச் மரத்தில் செய்தேன்.
மூலைகளில் புறாவால் இணைப்பு, ஆணி இல்லை.
தப்பாகச் செய்திருக்கலாம்.
ஒரு விரல் கூட்டி வைத்து, கண் மங்கிவிட்டது என்றிருக்கலாம்.
என் கைக்குத் தப்பாகச் செய்யத் தெரியவில்லை.
அவனே கொண்டுவந்து வைத்துப் பார்த்தான்.
குழல் படுத்தது. விசை படுத்தது.
நான் செதுக்கிய அக்ரூட் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நின்றது,
தொட்டிலுக்கு மிஞ்சிய பிள்ளை மாதிரி.
"நல்ல பெட்டி" என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

ஏட்டில் அந்த எண் இன்னும் இருக்கிறது,
தலைமாட்டில் ஒரு நட்சத்திரத்தோடு.
யாரும் அதை முறியடிக்க முடியாது,
அதோடு போட்டியிடவே இனி அனுமதியில்லை.
அடுத்த வருடம் ஊரார் துப்பாக்கியோடு வந்து
ஐந்நூற்று எழுபத்தொன்பது சுட்டான்.
ஆறாவது இடம்.
அவன் கையும் வானத்தைப் பார்த்தது.

நவம்பரில் ஆற்று மூடுபனி ஏறி
பெட்டி ஊதிவிட்டது.
யாரோ ஒரு பையனின் ஒழுங்கான துப்பாக்கி
உள்ளே போகாமல் சிக்கி நிற்க,
என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.
இழைப்புளியோடு போனேன்.
வரிசையில் நாலாவதாக வெண்டெல்,
காலர் தூக்கிவிட்டு, கைகளை அக்குளில் சூடேற்றிக்கொண்டு.
"பிரோஷ்கா," என்றான்,
"கொஞ்சம் தாராளமாகவே சீவேன்."
வரிசை சிரித்தது. நடுவரும் சிரித்தார்.

அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.
ஒரு மில்லிமீட்டர் சீவினேன்.
சுருள் மெல்லியதாக விழுந்து
அவன் பூட்ஸ் மேல் தங்கியது.
அவன் காலை உதறவில்லை.