சேர்க்கைக்கு முன்

வைகாசி முடியறதுக்குள் சொல்லியாகணும்.
இரண்டுமே அரசாங்கப் பள்ளிக்கூடம்தான்.
இரண்டிலும் ஒரே மஞ்சள் பெயிண்ட்,
சுவரில் ஒரே ஆள் வரைந்த வண்ணத்துப்பூச்சி;
கரடிப்பாறைப் பூச்சிக்கு மட்டும் ஒரு மீசை குறையும்.

மேலே கரடிப்பாறை. எங்கள் வீட்டிலிருந்து
ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம்.
ஏழு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரு அறை, ஒரு சார்.
சாருக்கு அயோத்தியாப்பட்டணம்.
காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருவார்.
பனி இறங்கினால் பஸ் ஏதோ ஒரு வளைவில் நிற்கும்,
அதுவரைக்கும்
ஐந்தாவது படிக்கிற மாதவிதான் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர்.

கீழே சுண்டக்காடு. நாற்பது நிமிஷம்,
எஸ்டேட் வேலியோரம், சில்வர் ஓக் நிழலில்.
முப்பத்தோரு பிள்ளைகள். இரண்டு டீச்சர்,
அதில் ஒருத்தர் ஊரிலேயே வாடகைக்கு இருக்கிறார்.
கக்கூஸில் தண்ணீர் வருகிறது. திறந்து பார்த்தேன்.
இன்னொரு தடவையும் திறந்து பார்த்தேன்.
மிளகுக்கொடித் திருப்பத்தில் சில நாள் காட்டெருமை நிற்கும்.
அது நின்றால் நாமும் நிற்கணும், அவ்வளவுதானே
என்கிறார்கள் அங்கே பிள்ளை அனுப்புகிறவர்கள்.

இரண்டு இடத்திலும் நோட்டு காட்டச் சொன்னேன்.
சுண்டக்காட்டில் எல்லா நோட்டிலும்
'பசு பால் தரும்', அச்சு அச்சாக,
பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக்.
கரடிப்பாறையில் ஒரு பையன் எழுதியிருந்தான்:
'காப்பி பூத்துச்சி. அம்மாவுக்கு வேல இல்ல.
பளம் வந்தா வேல வரும்.'
ழ வர வேண்டிய இடத்தில் ள. யாரும் திருத்தவில்லை.
எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி
நான் கடைசிவரை படித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடணும்.
கரடிப்பாறையில் காலை உப்புமா கிண்டுவது நான்தான்.
பள்ளிக்கூடத்தை மூடினால் என் கரண்டியும் போகும்.
அதனால் தராசில் எந்தத் தட்டு
எதனால் தாழ்கிறதென்று எனக்கே சந்தேகம்.
'உன் வேலையைப் பாரு' என்றார் வீட்டுக்காரர்.
எந்த வேலையை என்று சொல்லவில்லை.

சாரிடமே கேட்டுவிட்டேன்.
பதிவேட்டில் எட்டு என்று நம்பர் போட்டு
பெயர் எழுதாத வரி ஒன்று இருந்தது.
மூடி கழற்றின பேனாவோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.
'என் பொண்ணா இருந்தா கீழ அனுப்புவேன்.'
பிறகு,
'நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க.'

திங்கட்கிழமை
சங்கவியை அவர்தான் கீழே கூட்டிப்போனார்.
நான் மேலே, அடுப்பில்.
ஏழு பேருக்கு ரவை அளந்து கொட்டினேன்.
பஸ் ஹாரன் எந்த வளைவில் என்று
காதை அங்கே வைத்துக் கிண்டினேன்.
மாதவி தட்டுகளை எண்ணி வைத்தாள், எட்டு.
'சங்கவி இன்னும் வரலியாக்கா?'
உப்பு பார்க்கிற மாதிரி
சூட்டோடு கொஞ்சம் எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.