பதினாலாயிரத்து இருநூறு

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது இவ்வளவுதான்.
இருநூறை ட்யூபுக்கென்று மடித்து
பர்ஸின் ஜிப் அறையில் வைத்தேன்.
மிச்சம் சைக்கிளுக்கு.
வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர்,
மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை.
“சாப்பாட்டுக் கூடையை எங்கே மாட்டுவே?” என்றாள்
மில்லில் என்னோடு பில் போடும் ஜெய்னம்பு.
நான் அதை யோசித்திருக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து புதுவயலுக்குப்
பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்.
பஸ்ஸில் போன பதினோரு வருஷத்தில்
ஜன்னல் சீட்டு கிடைத்த நாட்களை
எண்ணிச் சொல்லிவிடுவேன்.

மில்லில் லோடு இறங்கினால்
மூட்டையின் வயிற்றில் குத்தூசி செருகி இழுப்பார்கள்.
மூட்டை வாயில் இருக்கிற நெல்
எப்போதும் நல்ல நெல்தான்.

கழனிவாசலில் முதல் வண்டி.
ஆகாச நீலம். பதிமூன்றாயிரம்.
சீட் புதுசு, கைப்பிடி டேப் புதுசு,
துடைத்த துணியின் ஈரம்கூடக் காயவில்லை.
கழுத்துக் குழாயில் ஒரு ஸ்டிக்கர்
கொஞ்சம் கோணலாய் ஒட்டியிருந்தது.
ஓரத்தை நெம்பினேன்.
அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.
“பெயின்ட் கீறல்க்கா” என்றான் பையன்.
பெயின்ட் கீறலில் நகம் மாட்டாது.
ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிவிட்டு வந்தேன்.
ஒட்டியிருக்கக் கூடாது என்று
பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு தோன்றியது.
திரும்பிப் போய்,
“நீ ஓட்டாதே தம்பி, இறக்கத்தில் உடையும்” என்றேன்.
அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.
அவனும் யாரிடமோ வாங்கியவன்.

கோட்டையூரில் இரண்டாவது.
குறை என்று ஒன்று இல்லை,
நான் அதற்குக் குட்டை என்பதைத் தவிர.
இரண்டு காலையும் ஊன்றி நின்றால்
நடுக்குழாய் என்னைத் தூக்கிப் பிடித்தது.
கைப்பிடி பக்கத்து ஊரில் இருந்தது.
“ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றார் வங்கிக்காரர்.
அண்ணன் கழித்துப்போட்ட கைக்கடிகாரம்,
ஒரு அளவு பெரிய பள்ளிக்கூடச் செருப்பு,
கால் தரையில் படாத மில் நாற்காலி.
பழகியவரை போதும், சார்.

மூன்றாவதற்கு தேவகோட்டை போக வேண்டியிருந்தது.
சூசைமாணிக்கத்துக்கு முழங்கால் ஆபரேஷன்.
வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு
அவரே ஒப்பித்தார்:
“செயின் நீண்டுபோச்சு.
பின் சக்கரம் லேசா ஆடும்.
மூணாவது கியர் சமயத்துல நழுவும்.
பெயின்ட்டை நீங்களே பாக்குறீங்க.”
பார்த்தேன். செம்மண் எது, துரு எது என்று
விரலால் தேய்த்துத்தான் பிரிக்க முடிந்தது.
முன் பல்சக்கரத்தில் செயினைக் கிள்ளி இழுத்தேன்;
ஒரு பல் முழுசாய்த் தெரிந்தது.
மூட்டுகளை ஒவ்வொன்றாய் நகத்தால் தடவினேன்.
எங்கும் மாட்டவில்லை.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.
எதிர்ப்புறம் ஒரு பூட்டிய வீடு,
முன்வாசல் இந்தத் தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
அதை ஒரு சுற்றுச் சுற்றினேன்.
அத்தனை கியரையும் மாற்றிப் பார்க்க
ஒரு வீடு போதுமாயிருந்தது.
மதில் ஓரம் காற்றே இல்லை.
மதில் முடிந்த இடத்தில்
காற்று முகத்தில் அறைந்தது.
முழங்கை தானாக மடிந்து
முதுகு தானாகக் குனிந்தது.
யாரும் எனக்கு அளவெடுக்கவில்லை,
ஆனாலும்.

பதினாறு சொன்னார்.
பதினாலை எடுத்து நீட்டினேன்.
பேசவில்லை, எண்ணவும் இல்லை.
“மழையிலயும் ஓட்டுவீங்களா?”
“மழையில பஸ்ஸும் ஒழுகும்ண்ணே.”
கடைசியில்
பதினாலாயிரமும் ஒரு சிப்பம் பொன்னியும்.
அரிசி அடுத்த மாதம், பழசு பார்த்து.
என் கணக்கில் அதற்குத் தலைப்பே கிடையாது.

சாயங்காலம், ரஸ்தா ரோட்டில்
காரைக்குடி பஸ் என்னைக் கடந்து போனது.
ஆள் ஏற்ற நின்றபோது
நான் அதைக் கடந்தேன்.
மறுபடி அது.
மறுபடி நான்.
கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்,
கை காட்டலாம் என்று ஒரு கையை எடுத்தேன்.
மூணாவது கியர்
சொன்ன வாக்கு மாறாமல்
நழுவியது.