உள்ளூர்ப் பெயர்

இரட்டை இடைவெளி விடச் சொல்கிறது விதிமுறை.
நெருக்கி அடித்து வைத்திருந்த ஒன்பது பக்கம்
மூச்சு விட்டுப் பத்தொன்பதாகிறது.
இடது ஓரத்தில் வரிக்கு வரி எண்.
"பைபிளு மாதிரியில்லா இருக்கு" என்கிறான் றெஜின்.

திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
அவன் கடையில் இன்று மூன்று வேலை.
ஒரு கல்யாண அட்டை,
ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்,
இரண்டுக்கும் நடுவில் நான்,
பென்டிரைவுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு மீன்தலைகளோடு.

தலைகளைத் தந்தது பிறீடா.
குளச்சல் சந்தையில்
தலை வேண்டாம் என்பவரின் தலை என் வாளியில் விழும்.
வேண்டும் என்பவரிடமும் விடமாட்டாள்:
"அதுல கல்லுதான் பிள்ளே இருக்கு."
பொய்யில்லை.
பன்னாவின் செவிக்குள் கல் உண்டு.
அறுத்து, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தால்
வளையம் வளையமாய் வயது.

ஆய்வுமுறையில் இப்படி எழுதியிருக்கிறேன்:
'மாதிரிகள் பெறப்பட்டன.'
அந்த வாக்கியத்துக்குக் கை கிடையாது.
கத்தியோ, செதிள் காய்ந்து ஒட்டிய முழங்கையோ கிடையாது.
நன்றியுரையில் அவள் பெயர் இருந்தது.
எழுதியவரை அடையாளம் காட்டும் எதுவும்
இந்தக் கோப்பில் இருக்கக் கூடாதாம்.
பிறீடாவை வெட்டி எடுத்து
தலைப்புப் பக்கம் இருக்கும் வேறொரு கோப்பில் போட்டேன்.
குளச்சலையும் வெட்டினேன்.
'தென்மேற்குக் கரையில் ஓர் இறங்குதளம்'
என்று ஆனது ஊர்.

அடுத்த கட்டம்: குடும்பப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
எனக்கு ஒரு பெயர் உண்டு,
அதன் முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் உண்டு.
மற்றபடி ஒன்றுமில்லை.
காலியாக விட்டால் பக்கம் நகர மறுக்கிறது.
எழுத்தை விரித்து அப்பாவை உட்கார வைத்தேன்.
இனி என்னை யார் மேற்கோள் காட்டினாலும்
'சிலுவைதாசன் மற்றும் பிறர்.'
போனில் சொன்னதும் அப்பா கேட்டார்:
"வல்ல கேசும் வருமா மக்கா?"

கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது.
ஃப்ளெக்ஸில் பாதி மீசையோடு நின்றார் இறந்தவர்.
வந்ததும் எல்லாக் கோப்பையும் மறுபடி ஏற்றி
பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தோம்.

அட்டவணை ஒன்று. மூன்றாவது நிரல். உள்ளூர்ப் பெயர்.
பன்னா என்று அடித்த இடத்தில்

□□□□□

கத்தாளைக்கு

□□□□□□□

பக்கத்து நிரலில் ஒட்டோலித்தஸ் ரூபர்
சாய்ந்த எழுத்தில், ஒரு செதிள் குலையாமல்.

"அவனுககிட்ட ஃபாண்ட் இல்லக்கா."
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஏலம் முடிந்த துறைமுகத்தில்
கழுவாமல் போட்ட பெட்டிகள் அப்படித்தான் கிடக்கும்,
எதில் என்ன இருந்தது என்று
ஈக்கு மட்டும் தெரியும்.

நிரலையே தூக்கிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.
ஆங்கில எழுத்தில் அடிக்கலாம்,
பனா, பண்ணா, பானா
என்று வாய்க்கு வந்தபடி வாசிப்பார்கள்.
றெஜின் நாற்காலியைத் திருப்பினான்.
"படமாப் போட்டிருவோம்."
இறந்தவர் பெயருக்கு எடுத்திருந்த அதே தடித்த எழுத்தில்
பன்னா. கத்தாளை.
முந்நூறு புள்ளி அடர்த்தி,
வெள்ளைப் பின்னணி, ஓரம் வெட்டி.
கல்லின் குறுக்குவெட்டுக்கு அடுத்து
'படம் ஐந்து' என்று சேர்ந்துகொண்டன இரண்டு பெயரும்.

அனுப்பினேன்.
பஸ் ஏறுவதற்குள் பதில் வந்துவிட்டது.
'மதிப்பிற்குரிய டாக்டர் சிலுவைதாசன்,
உங்கள் கட்டுரை கிடைத்தது.'
கூடவே பதினொரு இலக்க எண்.
அப்பாவுக்கே அனுப்பி வைத்தேன்.

எப்படியும் திருப்பி அனுப்புவார்கள்.
மாதிரி போதாது என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் சொல்வார்.
வாளி எடுத்துக்கொண்டு வரவா என்று
பிறீடாவிடம் நாளைக்கே கேட்டுவைக்க வேண்டும்.